அவரை பூக்கக் காத்திருந்த மூன்று வருடம்

2020 பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது, அப்பா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவரை விதை போட்டுக் கொடுத்தார். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பந்தல் ஏறிக்கொண்டிருக்கும் அவரை அது. பட்டையாக, விளிம்பில் லேசாக ஊதா ஓடி, பொரியல் செய்தால் வீடே மணக்கும். கூடவே நீளத் தட்டங்காய் விதை ஒரு கைப்பிடி, கொத்தவரை ஒரு கைப்பிடி. இங்கிலாந்தில் கோவென்ட்ரிக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கவுன்சிலில் எழுதிவைத்துப் பதினான்கு மாதம் காத்திருந்து, ஒரு அலாட்மெண்ட் அப்போதுதான் கிடைத்திருந்தது. அலாட்மெண்ட் என்றால் காய்கறி போடுவதற்கென்று கவுன்சில் வருட வாடகைக்கு விடும் துண்டு நிலம். எனக்குக் கிடைத்தது 125 சதுர மீட்டர், நம் கணக்கில் மூன்று சென்ட். அந்த மூன்று சென்ட்டில் அப்பாவின் பந்தலைப் போட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த ஆசைக்கு மூன்று வருடமும் 610 பவுண்டும் போனது. அன்றைய மதிப்பில் அறுபதாயிரம் ரூபாய் இருக்கும். பணம்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு வருடமும் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தண்ணீர் ஊற்றி, கொடி கட்டி, காலையும் மாலையும் பூ தேடி, ஒன்றும் இல்லாமல் கொடியை அறுத்துக் கம்போஸ்ட்டில் போடும்போது வரும் அந்த வெறுமை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. முதல் வருடமே யாராவது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். குளிர் நாட்டில் நம் ஊர்ப் பயறு, அவரை போட நினைக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் விதையைப் பற்றி ஒன்று. நான் அந்தப் பாட்டிலைப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். அது சட்டப்படி தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. 2019 டிசம்பர் நடுவிலிருந்தே, வெளிநாட்டிலிருந்து நடுவதற்கான விதை கொண்டுவந்தால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி இங்கே வந்துவிட்டது. அடுத்த வருடம் தம்பி 2,800 ரூபாய் செலவழித்து கூரியரில் அனுப்பிய விதைப் பொட்டலத்தைப் பிடித்து அழித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. முதலில் கோபம் வந்தது. அப்புறம், நான் கொண்டுவந்த பாட்டிலின் அடியில் துளை விழுந்த விதைகளும் செத்த வண்டுகளும் கிடந்ததைப் பார்த்தபோது அந்த விதியின் காரணம் புரிந்தது. ஒரு நாட்டில் இல்லாத வண்டும் நோயும் விதையோடுதான் பயணம் போகும். ஆகவே ஊர் விதைக்கு ஆசைப்படாதீர்கள். இங்கேயே விளைந்த விதை கிடைக்கும், அதுதான் காய்க்கவும் செய்யும். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அலாட்மெண்ட்டுக்கு மட்டும் போகலாம் என்றார்கள். அந்த ஏப்ரல் இங்கே நல்ல வெயில், வானம் நம் ஊர் மாதிரி நீலமாக இருந்தது. குழந்தைகள் டி-ஷர்ட்டில் ஓடினார்கள். இதைவிட என்ன சூடு வேண்டும் என்று ஏப்ரல் இரண்டாம் வாரம் நாற்பது அவரை விதையை நேரடியாக மண்ணில் ஊன்றினேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் தலை காட்டவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை கூழாகியிருந்தது. நாற்பதும்.

பக்கத்துத் துண்டு நிலக்காரர் ஒரு மண் வெப்பமானியைக் குத்திக் காட்டினார். காற்று 20 டிகிரி, மண் 9 டிகிரி. வெயில் நம் முதுகில்தான் சுட்டுக்கொண்டிருந்தது, நான்கு விரல் ஆழத்தில் இன்னும் குளிர்காலம்தான். பயறு, அவரை வகை விதைகளுக்கு முதல் ஒரு நாள்தான் ஆபத்தான நேரம். உலர்ந்த விதை தண்ணீர் குடிக்கும் அந்தச் சில மணி நேரத்தில் குளிர்ந்த நீர் உள்ளே போனால் உயிரணுக்களின் சவ்வு கிழிந்துவிடும். உள்ளிருக்கும் சர்க்கரை கசியும், அதைத் தின்ன மண்ணில் இருக்கும் பூஞ்சணம் வரும். அதனால் விதையைக் குளிர்ந்த மண்ணில் முளைக்க விடவே கூடாது. ஈரத் துணியில் சுற்றி, வெந்நீர் பாய்லர் இருக்கும் அலமாரியில் இரண்டு மூன்று நாள் வைத்து, வேர் எட்டிப் பார்த்த பிறகு தொட்டியில் வையுங்கள். மண் வெப்பமானி நான் வாங்கியபோது ஆறு பவுண்டுதான். இந்த மூன்று வருடத்தில் நான் வாங்கியவற்றில் காசுக்கு முழு மதிப்புத் தந்தது அது ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கு, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், தொடர்ந்து ஒரு வாரம் 15 டிகிரிக்குக் குறையாமல் காட்ட வேண்டும். கோவென்ட்ரியில் அது ஜூன் முதல் வாரம். அதற்கு முன்னால் நட்ட நாற்று செத்துப்போகாவிட்டாலும் மஞ்சளாகி அப்படியே நிற்கும். ஜூனில் நட்டது அதைத் தாண்டிப் போய்விடும்.

மே மாதம் வீட்டுக்குள் முளைக்கவைத்த பதினெட்டு நாற்றை ஜூனில் கொண்டுபோய் நட்டேன். மூன்றே இரவில் பதினொன்று காணோம். ஓடில்லாத நத்தைகள். நம் ஊரில் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு பார்த்திருப்போம், இங்கே கோடை முழுக்க இரவானால் படை படையாக வரும். இரண்டு இலை நாற்றை மிச்சம் வைக்காது. முட்டை ஓடு, காப்பித்தூள் எல்லாம் போட்டுப் பார்த்தேன், எதுவும் தடுக்கவில்லை. நாற்றைத் தொட்டியிலேயே ஒரு அடி உயரம் வளர்த்து, தண்டு கொஞ்சம் முற்றிய பிறகு நடுவதும், இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதும்தான் வழி. இன்னொன்று, அவரை வேர் கலைந்தால் சுணங்கிவிடும். டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய்களைச் சேர்த்துவைத்து அதில் மண் நிரப்பி முளைக்கவைத்தால், குழாயோடு அப்படியே நட்டுவிடலாம்.

தப்பித்த ஏழு செடியும் ஜூலையில் எட்டடி மூங்கிலைத் தாண்டின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஆகஸ்ட்டில் அப்பா கேட்டார், “பூ வெச்சிருச்சா கண்ணு?”

“இல்லைங்கப்பா. இலைதான் காடாட்டம் நிக்குது.”

“பனி விழுகட்டும் கண்ணு. பனி விழுந்தாத்தான் அவரை பூக்கும்.”

இந்தப் பேச்சை நான் சரியாகக் கேட்டிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். நான் அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் மார்கழி இரவைவிடக் கோவென்ட்ரியின் ஜூலை இரவு குளிர். இங்கே 12 டிகிரி வரை இறங்கும். குளிர்தான் வேண்டும் என்றால் என் செடி எப்போதோ பூத்திருக்க வேண்டும். ஆக அப்பாவின் கணக்கு இந்த ஊருக்குச் செல்லாது என்று முடிவு செய்துவிட்டேன். அக்டோபர் 4-ஆம் தேதி முதல் மொட்டு தெரிந்தது. சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் பூ வரைந்தேன். பூ விரிந்து பத்து நாள் ஆவதற்குள் ஒரு காலையில் உறைபனி. இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. ஒரு காய்கூடப் பறிக்கவில்லை. அந்த வருடச் செலவு 135 பவுண்டு.

தாமதமாக ஆரம்பித்ததுதான் காரணம் என்று நினைத்தேன். யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இரண்டு மாதம் முந்தினால் ஆகஸ்ட்டில் பூக்கும், செப்டம்பரில் காய்க்கும். 2021-க்குப் பணத்தை அள்ளிப் போட்டேன். 240 பவுண்டுக்குப் பாலிடனல், அதாவது வளைவுக் குழாய்மேல் பிளாஸ்டிக் போர்த்திய கூடாரம். நாற்றுத் தட்டுக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் 58 பவுண்டு. வளர்ப்பு விளக்கு 45. மார்ச் கடைசியிலேயே விதை முளைத்துவிட்டது. வெளியே அந்த ஏப்ரல் முழுக்கக் காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. உள்ளே என் அவரை சன்னல் திரைக்கம்பியில் ஏறிக்கொண்டிருந்தது. இரவு வேலை முடிந்து வந்து, தூங்கப் போகுமுன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

மே கடைசியில் ஐந்தடிக் கொடியாகப் பாலிடனலுக்குப் போனது. ஆகஸ்ட்டில் கூரை முழுக்க மூடி, தக்காளிக்கு வெளிச்சம் இல்லாமல் செய்துவிட்டது. பூ இல்லை. உரம் அதிகமாகிவிட்டதோ என்று தழைச்சத்தை நிறுத்தினேன், பொட்டாஷ் கொடுத்தேன், தண்ணீரைக் குறைத்தேன், நுனி கிள்ளினேன். பூ இல்லை. முதல் மொட்டு அக்டோபர் 2. அதற்குள் உள்ளேயும் இரவு ஐந்து டிகிரிக்கு வந்துவிட்டது, தேனீயும் இல்லை. பூ கொட்டியதுபோக ஏழு காய் நின்றது, கட்டைவிரல் நீளத்துக்கு. அதைக் கொண்டுவந்து உருளைக்கிழங்கோடு போட்டுப் பொரித்தேன். வாடகையும் சேர்த்து அந்த வருடம் 383 பவுண்டு. சாப்பிட்டுவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவரைக்காகவா அழுகிறோம் என்று எனக்கே புரியவில்லை. அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது விமானம் இல்லாமல் நான் போக முடியாத வருடம் அது. எல்லாம் சேர்ந்து வந்தது.

அந்தப் பாலிடனல் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அதே வருடம் ஒரு மூலையில் போட்ட நீளத் தட்டங்காய், யாழ்ப்பாணத்துத் தோழி பயற்றங்காய் என்பாள், நட்டுப் பத்து வாரத்தில் பூத்து, ஆகஸ்ட்டில் வாரம் கால் கிலோ கொடுத்தது. என்னிடம் இருந்த ரகம் பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத ரகம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்கு வேண்டியது சூடு மட்டுமே, அதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வெளியே திறந்த நிலத்தில் போட்ட தட்டங்காய் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. கூடாரத்துக்குள் காற்று உலர்ந்தால் சிவப்புச் சிலந்திப்பேன் வரும், இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகும். காலையில் இலைமேலும் தரைமேலும் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் குறையாமல் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கொத்தவரையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று வருடம் போட்டு மூன்று வருடமும் சாண் உயரத்தில் நின்றது. அதற்கு ராஜஸ்தான் வெயில் வேண்டும். கடையில் உறையவைத்த பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

2022 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. இந்த நாட்டில் 40 டிகிரியைத் தாண்டியது அதுதான் முதல் முறை. கோவென்ட்ரியிலும் கொதித்தது. அலாட்மெண்ட்டில் எல்லோரும் என்னைப் பார்த்து, உன் இந்திய பீன்ஸுக்கு இதுதான் வருடம் என்றார்கள். நானும் நம்பினேன். இந்த ஊர்க்காரர்கள் போடும் கொடி பீன்ஸான ரன்னர் பீன்ஸ் எல்லாம் அந்தச் சூட்டில் பூவை உதிர்த்துவிட்டு நின்றது. என் அவரை வாடவே இல்லை, கரும்பச்சையாக, நான் பார்த்ததிலேயே செழிப்பாக நின்றது. முதல் மொட்டு அக்டோபர் 3.

அன்று இரவு மூன்று வருடக் காலண்டரையும் மேசைமேல் விரித்துவைத்துப் பார்த்தேன். அக்டோபர் 4, அக்டோபர் 2, அக்டோபர் 3. ஒரு வருடம் மே மாத விதை, ஒரு வருடம் மார்ச் விதை. ஒரு வருடம் திறந்தவெளி, ஒரு வருடம் கூடாரம். ஒரு வருடம் சாதாரணக் கோடை, ஒரு வருடம் நாற்பது டிகிரி. எல்லாவற்றுக்கும் இரண்டு நாள்தான் வித்தியாசம். செடி சூட்டைப் பார்க்கவில்லை, வயதைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்க்கிறது.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு முதல் தடவையாகச் சரியான கேள்வியைக் கேட்டேன். “அப்பா, நம்மூர்ல அவரையைச் சித்திரைல போட்டா எப்பங்கப்பா பூக்கும்?”

“எப்பப் போட்டாலும் ஐப்பசி கார்த்திகைலதான் கண்ணு பூக்கும். சித்திரைல போட்டா சும்மா கொடிதான் ஓடும், தண்ணிதான் தெண்டம். அதுக்குத்தான ஆடில போடறது.”

அவருக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான்தான் கேட்கவில்லை. பனி என்று அவர் சொன்னது குளிரை அல்ல, ஒரு பருவத்தை. அந்தப் பருவத்தில் நம் ஊரில் இரவு நீள்கிறது. செடி எண்ணிக்கொண்டிருந்தது அந்த இரவை.

நூலகத்தில் ஒரு பழைய தாவரவியல் பாடப்புத்தகத்தில் மிச்சத்தைப் படித்தேன். 1920-ல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் இதை எழுதிவைத்துவிட்டார்கள். பிலாக்ஸி என்ற சோயா ரகத்தை வெவ்வேறு தேதிகளில் விதைத்தார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. என் காலண்டரேதான். பிறகு தொட்டிச் செடிகளைத் தினமும் மாலையில் ஒரு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைச் சுருக்கினார்கள், கோடையிலேயே பூத்தன. செடி அளப்பது பகலை அல்ல, இடையில் வெளிச்சம் படாத தொடர்ந்த இரவை என்பது 1938-ல் ஹாம்னரும் பானரும் செய்த சோதனையில் தெளிவானது. எங்கள் ஒட்டன்சத்திரத்தில் மிக நீளமான பகல் 12¾ மணி நேரம், மிகக் குறுகியது 11½. வருடம் முழுக்க ஒன்றேகால் மணி நேரம்தான் ஆட்டம். அந்தச் சின்ன ஆட்டத்தைக் கவனித்து நாள் குறிக்கப் பழகிய செடியை, ஜூனில் 16¾ மணி நேரம் பகல் இருக்கும் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இங்கே செப்டம்பர் நடு வரை அதற்கு ஆடி மாதம்கூட வரவில்லை. அது வந்து பூ எடுப்பதற்குள் உறைபனி வந்துவிடுகிறது. நான் வாங்கிய சூட்டு விரிப்பும் கூடாரமும் இல்லாத நோய்க்கு மருந்து.

இதுதான் நான் சொல்ல வந்தது. வெப்ப நாட்டுப் பயிரைக் குளிர் நாட்டில் போடும்போது இரண்டு தடைகள் இருக்கின்றன, இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று குளிர். அதைப் பணத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இன்னொன்று பகல் நீளம். அதற்குக் கூடாரம் உதவாது, உரம் உதவாது, முந்தி விதைப்பது உதவவே உதவாது. எந்த விதை கைக்கு வந்தாலும், கொடுப்பவரிடம் எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்காதீர்கள். எந்த மாதம் போட்டால் எந்த மாதம் பூக்கும், மாதம் மாற்றிப் போட்டால் பூக்கும் மாதமும் மாறுமா என்று கேளுங்கள். மாறாது என்றால் அந்த விதையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். பந்தல் அவரை பெரும்பாலும் இந்த வகை. சிறகவரை இன்னும் கண்டிப்பு. பகல் நீளத்தைப் பார்க்காத குத்து அவரைகள் நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அப்படிப்பட்டவை.

2023-ல் கார்னரும் அல்லார்ட்டும் செய்ததையே நானும் செய்தேன். வீட்டுக் கொல்லையில் மூன்று பெரிய தொட்டி, தொட்டிக்கு ஒரு அவரை. நாலடிக்குமேல் போகவிடாமல் நுனி கிள்ளிக் குட்டையாக வைத்தேன். ஜூலை 10-லிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு, குச்சிகளை நட்டு அதன்மேல் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி, காலை எட்டு மணிக்குத் திறந்தேன். பதினான்கு மணி நேர இரவு. இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு. ஜூலையில் மாலை ஆறு மணிக்கு வெயில் நன்றாகவே அடிக்கும், கறுப்பு உறைக்குள் செடி வெந்துவிடும். முதல் வாரம் ஒரு செடியின் நுனி கருகியது. மேலே பழைய வெள்ளைப் போர்வையைப் போட்ட பிறகு சரியானது. அடிப்பக்கம் காற்றுக்கு இடைவெளி வேண்டும், ஆனால் வெளிச்சம் நேராக உள்ளே வரக்கூடாது. ஒரு நாளும் விடக்கூடாது. ஐந்து நாள் ஸ்காட்லாந்து போக வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனேன். அவர்கள் இரண்டு நாள் மறந்துவிட்டார்கள். மொட்டு தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொல்லைக் கதவுக்கு மேலே இரவெல்லாம் எரியும் விளக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள். மூடாமல் விட்ட நான்காவது தொட்டி அந்த விளக்குக்குக் கீழே இருந்தது. அலாட்மெண்ட்டில் இருந்த கொடி வழக்கம்போல அக்டோபர் முதல் வாரம் மொட்டு வைத்தது, இது கடைசி வரை வைக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9. காலையில் உறையை எடுத்தபோது இலைக்கணுவில் அரிசி அளவில் மொட்டுக் கொத்து. இரவு வேலை முடித்து வந்திருந்தேன், கால் கடுத்தது, அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து அக்டோபர் நடு வரை மூன்று தொட்டியிலும் சேர்த்து இரண்டேகால் கிலோ காய். குறைவுதான். தினமும் இரண்டு முறை மூடித் திறக்கிற வேலைக்கு அது கட்டுபடியாகாது, வீட்டில் யாராவது எப்போதும் இருப்பவர்கள் மட்டும் செய்துபார்க்கலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. அப்பாவின் விதை இந்த மண்ணில் காய்த்து ஒரு முறையாவது பார்த்துவிட்டேன்.

இப்போது நான் நம்பியிருப்பது வேறு விதையை. எங்கள் அலாட்மெண்ட்டின் கடைசி வரிசையில் ஒரு குஜராத்திப் பெரியவர் இருக்கிறார், 1972-ல் உகாண்டாவிலிருந்து வந்தவர். அவருடைய பாப்டி, அதுவும் நம் அவரைதான், ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊதாவாகப் பூத்து நிற்கும். மூன்று வருடம் அதைத் தாண்டித்தான் நான் போய்வந்திருக்கிறேன். அலங்காரச் செடி என்று நினைத்துக்கொண்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2023-ல் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: இருபது வருடத்துக்கு முன்பு ஒருவரிடம் வாங்கிப் போட்டபோது நாற்பது செடியில் இரண்டுதான் சீக்கிரம் பூத்தன. அந்த இரண்டின் விதையை மட்டும் எடுத்தார். ஒவ்வொரு வருடமும் முதலில் பழுக்கும் காய்களைப் பறிக்காமல் விட்டு விதையாக்கினார். அவ்வளவுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பீன்ஸும் இப்படித்தான் நீளப் பகலுக்குப் பழகியது. முந்திப் பூத்ததைத் தோட்டக்காரர்கள் எடுத்துவைத்தார்கள், அது தலைமுறை தலைமுறையாக நடந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ரைட்டனில் இருக்கும் கார்டன் ஆர்கானிக் அமைப்பும், 2010-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லாண்ட்ஸில் குடியேறியவர்கள் வளர்க்கும் இப்படிப்பட்ட பயிர்களின் விதையையும் வளர்ப்பு முறையையும் திரட்ட ஒரு திட்டமே நடத்தியிருக்கிறது. தனியாக மூச்சுமுட்டிக்கொண்டிருந்த நான், முதல் வருடமே இருநூறு அடி நடந்து போய் அந்தப் பெரியவரிடம் கேட்டிருக்கலாம். உங்கள் ஊரில் வங்காளிகளோ, குஜராத்திகளோ, யாழ்ப்பாணத்துக்காரர்களோ தோட்டம் போட்டால், விதை வாங்குவதற்கு முன்னால் அவர்களுடைய பந்தலை ஆகஸ்ட் மாதம் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட்டில் பூ இருக்கிற செடியிடம் மட்டும் விதை கேளுங்கள்.

அவர் கொடுத்த பன்னிரண்டு விதையைப் போன வருடம் போட்டேன். ஜூன் முதல் வாரம் நட்டது, பாலிடனலில் ஆகஸ்ட் 11-ல் பூத்தது, வெளியே ஆகஸ்ட் 20-ல். பதினோரு கிலோ பறித்தேன். கொஞ்சம் நார் உண்டு. பிஞ்சாகப் பறித்து இரண்டு பக்கமும் நார் உரித்தால் நன்றாக இருக்கிறது. முற்றிய கொட்டையைச் சமைப்பதானால் கொதிக்கவிட்டுத் தண்ணீரை ஒன்றிரண்டு முறை மாற்றிக் கொட்டிவிட வேண்டும், அதில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. குழந்தைகள் பச்சையாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் இடம் இல்லாதவர்கள் ரன்னர் பீன்ஸ் போடலாம். இந்த ஊர்க் குளிர் இரவு அதற்குப் பிடிக்கும். விரல் நீளத்தில் பறித்துத் தேங்காய் போட்டு வதக்கினால் அவரையின் பாதி ஆசை தீர்கிறது. பாதிதான்.

விதைக்கு விட்ட காய்கள் அக்டோபரில் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. உறைபனி வருவதற்கு முன்தினம் கொடியை வேரோடு பிடுங்கி, தலைகீழாகப் பாய்லர் அலமாரிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஆறு வாரத்தில் காய்ந்தன. முதலில் பூத்த செடியின் காய்களை மட்டும் சிவப்பு நூலால் கட்டிவைத்திருந்தேன். அதிலிருந்து முப்பத்தொரு விதை. அப்பாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டு, மூடியில் “ஆகஸ்ட் 11” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வீடியோவில் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஆடிலயே பூத்திருச்சா” என்றார். “அப்ப அது உங்கூரு அவரைதான் கண்ணு. எனக்கும் நாலு விதை எடுத்து வெய்யி.” இங்கிருந்து அங்கே கொண்டுபோவதற்கும் சான்றிதழ் வேண்டும் என்று சொன்னேன். சரி, வாங்கிட்டு வா என்றார்.